ஊர்ப் பேரை எடுங்க: நிருபர்கள் கேள்வியும் என் பதிலும்

ஞாயித்துக்கிழமை பாளையங்கோட்டையில தாலுகா நிருபர்களுக்கு வகுப்பு எடுத்தேன். இளம்பெண்களோட கர்ப்பம், கருக்கலைப்பு, மாதவிடாய் பத்தியெல்லாம் எப்படிச் செய்தி எழுதணும்னு. பிள்ளையோட பேரை மட்டுமில்ல, ஊர்ப் பேரையும் எடுங்கன்னு சொன்னேன். ஒரு மணிக்குச் சாப்பாடு வந்துட்டு, பாதிக் கேள்வி நின்னுபோச்சு. சீட்டுல எழுதிக் கொடுத்ததுக்கும் அப்புறம் போன்ல வந்ததுக்கும் இங்க பதில். கேட்ட நிருபர் பேருக்குப் பதிலா அவங்க ஊரைப் போட்டிருக்கேன்.

ஆலங்குளம்: அக்கா, ‘16 வயது சிறுமி கர்ப்பம், வாலிபர் போக்சோவில் கைது’ன்னு போட்டோம். சிறுமி பேர் போடல. ஆனாலும் அவ அப்பா ஆபீஸ் வாசல்ல வந்து நின்னு அழுதாரு. எங்க தப்பு?

பேரை மட்டும்தானே எடுத்தீங்க. ஊர் இருந்துச்சு, பதினொண்ணாம் வகுப்புன்னு இருந்துச்சு, ‘பீடி சுற்றும் தொழிலாளியின் மகள்’னு இருந்துச்சு, கைதான பையன் பேரும் தெருவும் இருந்துச்சு. அறுபது வீட்டு ஊர்ல இதுக்கு மேல என்ன வேணும்? டீக்கடையில பேப்பரை விரிச்சவன் ரெண்டாவது வரியிலேயே ‘இன்னார் மவளாலே’ன்னுருவான்.

போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றத்துல இருந்து காக்கிற சட்டம், அதோட 23ஆவது பிரிவைப் படிங்க. பேர், விலாசம், போட்டோ மட்டுமில்ல. குடும்ப விவரம், பள்ளிக்கூடம், அக்கம்பக்கம், ஆளைக் காட்டிக்கொடுக்கிற வேற எந்தத் துப்பும் வரக்கூடாது. மீறினா ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம் வரை ஜெயில், இல்ல அபராதம், இல்ல ரெண்டும். பத்திரிகையை வெளியிடுறவரும் முதலாளியும் சேர்ந்தே பொறுப்பு. இதைச் செய்தி திருத்துற உங்க டெஸ்க்ல சொல்லிப் பாருங்க, காது நல்லாக் கேக்கும். கைதானவன் சொந்தக்காரன்னா அவன் பேரும் துப்புதான்.

நானும் ஒண்ணும் யோக்கியம் இல்ல. டெஸ்க்ல இருந்தப்போ ‘தேரடிக்கு எதிரே தையல் கடை வைத்திருப்பவரின் மகள்’னு வந்த வரியை, காட்சி கண்ணுல நிக்குதேன்னு ரசிச்சு விட்டேன். அந்தப் பிள்ளை அன்னைக்கோட பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டுன்னு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது.

வள்ளியூர்: கல்யாணம் ஆகாத பொண்ணு கலைச்சா ‘சட்டவிரோத கருக்கலைப்பு’ன்னு போடலாமா?

கூடாது. கருக்கலைப்புச் சட்டம் 1971ல வந்துச்சு, 2021ல திருத்தினாங்க. 20 வாரம் வரை தகுதியுள்ள ஒரு டாக்டர் கருத்து போதும். 20ல இருந்து 24 வாரம் வரை சில வகையினருக்கு மட்டும், ரெண்டு டாக்டர் சொல்லணும். பாலியல் வன்முறைக்கு ஆளானவங்க, 18 ஆகாதவங்க அதுல வருவாங்க. கல்யாணம் ஆகாதவங்களை அந்த 24 வாரத்துல இருந்து ஒதுக்க முடியாதுன்னு 2022 செப்டம்பர் 29ல உச்ச நீதிமன்றம் சொல்லிட்டு. 18 முடிஞ்ச பொண்ணுக்கு அவ சம்மதம் போதும். அப்பா கையெழுத்து, புருஷன் கையெழுத்துன்னு எவனாவது கேட்டா, அதுதான் செய்தி. படிக்காத ‘டாக்டர்’ செஞ்சாலோ, அனுமதி இல்லாத இடத்துல நடந்தாலோ சட்டவிரோதம்னு எழுதுங்க, செஞ்சவன் தலையில போட்டு. இன்னொண்ணு: தானாக் கலைஞ்சா கருச்சிதைவு. ரெண்டையும் மாத்தி எழுதி ஒரு பொண்ணைக் குற்றவாளி ஆக்கிராதீங்க.

கடையநல்லூர்: ஸ்கேன்ல ஆணா பொண்ணான்னு சொல்லுறவங்களைப் பத்தி?

அது 1994ஆம் வருஷத்துச் சட்டம், வேற வகுப்பு. ஒரே செய்தியில ரெண்டையும் கலக்காதீங்க.

சங்கரன்கோவில்: ‘பெயர் மாற்றப்பட்டுள்ளது’ன்னு போட்டா போதுமா?

ஆலங்குளத்துக்குச் சொன்னதைப் படிங்க.

நாங்குநேரி: பொண்ணே ‘என் பேரைப் போடுங்க’ன்னு சொன்னா?

18 ஆகலன்னா அவ சொன்னாலும் முடியாது. சிறப்பு நீதிமன்றம் காரணம் எழுதி அனுமதிக்கணும்.

அம்பாசமுத்திரம்: நீங்க சும்மா ‘ஊர்ப் பேரை எடு’ன்னு சொல்லுறதை நான் ஒத்துக்க மாட்டேன். ஆரம்ப சுகாதார நிலையத்துல சத்து மாத்திரை இல்ல, போற பிள்ளைகள்ட்ட நர்ஸ் ‘தாலி எங்க’ன்னு கேக்காங்க. ‘ஒரு கிராமத்தில்’னு எழுதினா எந்த அதிகாரி அசைவாரு?

அசைய மாட்டாரு. அதனால அந்த நிலையத்தோட பேரைக் கொட்டை எழுத்துல போடுங்க, பிள்ளையோட ஊரைப் போடாதீங்க. மாத்திரை என்னைக்கு இருந்து இல்லங்கிறதை இருப்புப் பதிவேட்டுல பாருங்க, வரிசையில நிக்கிற நாலு பொம்பளைங்கள்ட்ட கேளுங்க.

தூத்துக்குடி: ஊர்ப் பேர் இல்லாம லோக்கல் பேஜ் விக்காது அக்கா.

கோயில் கொடையைப் போடுங்க, விக்கும்.

அம்பாசமுத்திரம் மறுபடியும்: அந்த வாரம் நிலையத்துக்குப் போனதே ஒரு பொண்ணுதான்னா? நர்ஸ் திட்டினதை எழுதினாலே யாருன்னு தெரிஞ்சுருமே.

தெரிஞ்சுரும். அப்போ அந்தச் சம்பவத்தை எழுதாதீங்க. இன்னும் ரெண்டு பேர் கிடைக்கிற வரை காத்திருங்க, மாசம் ஆனாலும் சரி.

அம்பாசமுத்திரம் விடல: சரி, ‘நெல்லை மாவட்டத்தில்’னு மட்டும் போடுதோம். அப்போ பத்து ஊர்ல பத்துப் பிள்ளைகளை ‘இவளா இருக்குமோ’ன்னு பேசுவாங்களே?

இது சரியான அடி. வகுப்புல யாரும் இதைக் கேக்கல. வயசு, வகுப்பு, சாதி, தொழில்னு ஊகத்துக்குத் தீனி போடுறதையெல்லாம் எடுத்தா பேச்சு குறையும், நிக்காது. அதுக்கு மேல என்ட்ட பதில் இல்ல தம்பி.

ராதாபுரம்: ஆம்பள நிருபர்ட்ட பொம்பளைங்க பேச மாட்டேங்காங்களே?

‘மாதவிடாய் சுகாதாரம்’னு ஆரம்பிச்சா பேச மாட்டாங்க. வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டாதீங்க, நாலு வீடு பார்க்கும். பீடிக்கடையில சுத்தின பீடியைக் கணக்குக் கொடுக்க வர்ற நேரம் போய் கூலியைப் பத்திப் பேசுங்க. மடியில சுளகை வச்சு நாள் முழுக்கக் குனிஞ்சு உட்கார்ந்தா இடுப்பு என்ன ஆகுதுன்னு கேளுங்க. அங்க இருந்து ‘வீட்டுக்கு விலக்கு’ நாள்ல என்ன செய்தாங்கங்கிறதுக்குத் தானா வந்துருவாங்க. பேச்சு வரலன்னா கூட வேலை பார்க்கிற பொம்பள நிருபரை அனுப்புங்க, பைலைன், அதான் எழுதினவர்னு செய்தியோட வர்ற பேர், அவளுக்குக் குடுங்க. (குடுக்க மாட்டீங்க, தெரியும்.)

தென்காசி: நம்பர் எங்க கிடைக்கும்?

தேசிய குடும்ப நல ஆய்வோட மாவட்ட அறிக்கை. மிச்சத்துக்கு 10 ரூபாய் கட்டி தகவல் உரிமை மனு. ஸ்டேஷன்ல பதிவான வழக்கை எண்ணி ‘இளம்வயது கர்ப்பம் அதிகரிப்பு’ன்னு எழுதாதீங்க, கூடினது புகாரா கர்ப்பமான்னு அதுல தெரியாது.

களக்காடு: தெரிஞ்ச பொண்ணுக்கு, எந்த மாத்திரை…

நான் டாக்டர் இல்ல. மருத்துவ உதவி எண் 104க்கு அடிக்கச் சொல்லுங்க, இல்ல ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. செய்தியிலயும் மாத்திரை பேர், எத்தனைன்னு எழுதாதீங்க.

திசையன்விளை: முகத்தை மறைச்சு போட்டோ போடலாமா?

பின்னாடி தெரியுற நீலக் கதவை யாரு மறைப்பா?

பேர் போடாத சீட்டு: இனிஷியல் மட்டும் போடலாமா அக்கா?

சீட்டை எழுதினது யாருன்னு கையெழுத்தை வச்சே கண்டுபிடிச்சுட்டேன். உங்களுக்கு இனிஷியல் வேற வேணுமாக்கும்.