வெளிநாட்டுல இங்கிலீஷ் படிக்கிற பிள்ளைக்குத் தமிழை நிறுத்தணுமா?

சேலம் அஸ்தம்பட்டியில யூகேஜி முடிச்சுட்டு இங்கிலாந்து வந்த பொண்ணு ஸ்கூல்ல இங்கிலீஷ் படிக்கவே திணறுது, வீட்டுல தமிழை நிறுத்திடலாமான்னு கேட்டிருந்தீங்க தங்கச்சி. நிறுத்தாதீங்க. திணறலுக்குக் காரணம் தமிழ் இல்ல.

ஊர்ல ‘சி-ஏ-டி’ன்னு எழுத்தோட பேரைச் சொல்லிப் பழக்கியிருப்பாங்க. இங்க ஒலியைச் சொல்லித்தான் கூட்டிப் படிக்கணும். அதுலயும் நம்ம நாக்கு கடைசியில ஒரு ‘உ’ சேர்த்துடும். ‘ஸு, டு, பு’ன்னு சொன்னா வார்த்தை சேராது, ‘ஸ், ட், ப்’னு வெட்டிச் சொல்லுங்க. இங்க இயர் ஒன் வகுப்புல ஜூன் மாசம் ஒரு சோதனை வெச்சு 40 வார்த்தை படிக்க வைப்பாங்க, அதுல 20 அர்த்தமே இல்லாதது. தெரிஞ்ச வார்த்தையா மாத்திப் படிச்சா மார்க் கிடையாது. தேறலேன்னா அடுத்த வருஷம் மறுபடி உண்டு, அதுக்காகக் கலங்காதீங்க.

ஒலி கூட்டுறது ஒரு மொழியில பிடிபட்டா இன்னொண்ணுக்கும் கை கொடுக்கும். அதனால தமிழ்லயும் 247 எழுத்தையும் ராகம் போட்டு ஒப்பிக்க விடாதீங்க. அப்படிப் படிச்ச பிள்ளைகிட்ட ‘நூ’வைத் தனியா காட்டினா ந, நா, நின்னு எண்ணிக்கிட்டே வரும். ட, ப, ம, ர நாலு எழுத்துல ஆரம்பிங்க, கூட ஒரு புள்ளி: படம், மரம், பட்டம் வந்துடுச்சு. படத்துல மெலிசா வர்ற ட பட்டத்துல ஏன் அழுத்தமா வருதுன்னு கேக்கும். ரெட்டிச்சா அழுத்தம்னு சொன்னா இப்போதைக்குப் போதும்.

அடுத்து கால், சுழி. கொம்பு கடைசியில. ‘செ’ன்னு சொன்னா காதுல முதல்ல விழுறது ச், எழுதும்போது முதல்ல வர்றது கொம்பு, அங்கதான் குழம்பும். செவ்வாய்ப்பேட்டைன்னு பெருசா எழுதி ஒட்டுங்க. ஒத்தைக் கொம்பு, ரெட்டைக் கொம்பு, சங்கிலிக் கொம்பு மூணும் நம்ம ஊர்ப் பேட்டையிலயே இருக்கு. எழுத்து எழுத்தா வட்டம் போடச் சொல்லுங்க. ‘பே’யோட கொம்பை முன்னாடி இருக்கிற ‘ப்’போட சேர்த்து வட்டம் போட்டா, சிக்கல் எங்கேன்னு தெரிஞ்சிடும்.

தினம் பத்து நிமிஷம் போதும். சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் உக்கார வெச்சா வெறுத்துடும். எழுதுறது எப்பவும் படிக்கிறதுக்குப் பின்னாடிதான் வரும். வீட்டுல நாமளே ‘பளம்’னு சொல்றப்போ அது ள போட்டுத்தான் எழுதும், ல-ள-ழ, ன-ணவுக்கெல்லாம் இப்பவே சிவப்பு மை வேண்டாம்.

தாத்தா கடிதம் போட்டா ஒண்ணு கவனிங்க. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திப் படிச்சவங்க லை, னையை யானைத் தும்பிக்கை மாதிரி வளைவு வெச்சு எழுதுவாங்க. பிள்ளைக்கு அது புரியாது, பக்கத்துல புது வடிவத்தை எழுதிக் குடுத்துடுங்க.