கதிரடிக்கிற மிஷினில் விரல் போனால்: சிஸ்டர் பதில்கள்

தொண்டி முதல் சாயல்குடி வரை கரையோர ஊர்க்காரர்கள் கேட்டவற்றுக்கு, அவசரப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்த செவிலியர் சொன்ன பதில்கள்.

சிஸ்டர், கதிரடிக்கும்போது தம்பியின் விரல் துண்டாகிவிட்டது. ஐஸில் புதைத்துக் கொண்டுபோனோம். ஒட்ட முடியாது என்றுவிட்டார்கள். ஐஸ் வைத்தது தப்பா? (தொண்டி)

ஐஸ் சரிதான், அது நேராக விரலில் படக்கூடாது. மீனுக்கு ஐஸ் போட்டுப் பழகிய ஊர், கை தானாக ஐஸுக்குத்தான் போகும். மீன்பெட்டி ஐஸுக்குள் வந்த விரல் ஒன்றை நானே எடுத்துப் பார்த்திருக்கிறேன். மெழுகு மாதிரி வெளுத்து விறைத்திருந்தது. உறைந்த சதை செத்துப்போகும். சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து விரலைச் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். இப்படி வைத்தால் விரல் 12 மணி நேரம்கூடத் தாங்கும். ஆனால் மிஷினில் நசுங்கிய விரலை எப்படிக் கொண்டுவந்தாலும் ஒட்ட முடியாமல் போவதுண்டு. அதனால் உங்களையே நொந்துகொள்ளாதீர்கள்.

இன்னொன்று, விரலைத் தேடுவதற்கு முன்னால் ரத்தத்தை நிறுத்துங்கள்.

எப்படி? நாங்கள் காபித்தூள்தான் வைப்போம். (திருப்பாலைக்குடி)

வேண்டாம். துணியை மடித்து வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். பத்து நிமிடம் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். நனைந்தால் மேலேயே இன்னொரு துணி.

பனையிலிருந்து விழுந்தவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கலாமா? (சாயல்குடி)

இரண்டும் கூடாது. அக்குளில் ஒருவர், காலில் ஒருவர் பிடித்துத் தூக்கினால் முறிந்த முதுகெலும்பு நரம்பை அறுத்துவிடும். 108க்குச் சொல்லிவிட்டு, தலை அசையாமல் ஒருவர் பிடித்துக்கொண்டிருங்கள்.

மிளகாய்க்கு மருந்தடித்தவர் வாயில் எச்சில் வழிய மயங்கிவிட்டார். உப்புத்தண்ணீர் கொடுக்கவா அண்ணி என்று பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான். கொடுக்கலாமா? (ஆர்.எஸ். மங்கலம்)

ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். காற்று வருகிற இடத்தில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மருந்து பட்ட சட்டை, கைலியைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழுவுகிறவர் கையில் பிளாஸ்டிக் பையாவது மாட்டிக்கொள்ள வேண்டும். மருந்துப் பாட்டிலை மறக்காமல் கொண்டுவாருங்கள். அதைப் பார்த்துத்தான் டாக்டர் மாற்று மருந்தை முடிவு செய்வார்.

பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டுவது? (தேவிபட்டினம்)

கட்டவும் வேண்டாம், கீறவும் வேண்டாம். காலை ஆட்டாமல் கூட்டிவாருங்கள். பாம்பைத் தேடி நேரத்தை விடாதீர்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே ஊசிமருந்துதான்.