போன வழியே திரும்பி வருவது ஏன் கடினம்?

கேள்வி: புதிய ஊர்களுக்குச் செல்லும்போது வழியை நன்றாகக் கவனித்துக்கொண்டுதான் போகிறேன். ஆனாலும் அதே வழியில் திரும்பும்போது ஏதாவதொரு திருப்பத்தில் தடுமாறி நின்றுவிடுகிறேன். இது நினைவாற்றல் குறைபாடா?

பதில்: அப்படித் தோன்றவில்லை. போகும் வழியும் திரும்பும் வழியும் ஒன்றுதான் என்று எண்ணிவிடுகிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. போகும்போது முகப்பைக் காட்டிய கட்டடம் திரும்பும்போது பக்கச் சுவரைத்தான் காட்டும். இடப்பக்கம் திரும்பிய இடத்தில் வலப்பக்கம் திரும்ப வேண்டியிருக்கும். கிளைச்சாலை வந்து சேர்வதைக்கூட உணராமல் கடந்துவந்த இடம், எதிர்த்திசையிலிருந்து பார்க்கையில் இரண்டாகப் பிரிந்து, எதில் செல்வது என்று நம்மைக் கேட்கும்.

எதைக் கவனித்தீர்கள் என்பதும் முக்கியம். வழியில் கண்டதையெல்லாம் நினைவில் நிறுத்த வேண்டியதில்லை. எந்த இடத்தில் எந்தப் பக்கம் திரும்பினோம் என்பது நினைவிருந்தால் போதும். நேரே செல்லும் சாலையின் நடுவில் எவ்வளவு அழகான மாளிகை இருந்தாலும் அது வழி சொல்லாது. நாற்சந்தியில் நிற்கும் சாதாரணத் தண்ணீர்த்தொட்டி சொல்லும். மூளையே இந்த வேறுபாட்டை அறிந்திருக்கிறது. கணினியில் உருவாக்கிய அருங்காட்சியகம் ஒன்றில் பலரை வழி கற்கச் செய்து, பிறகு அவர்களின் மூளையைப் படம்பிடித்த ஆய்வு 2004-இல் வெளியானது. திருப்பங்களில் இருந்த பொருள்களைக் காட்டியபோது, நினைவுக்கும் இடமறிதலுக்கும் உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதியை அடுத்துள்ள பகுதி கூடுதலாகச் செயல்பட்டது. அவற்றைப் பார்த்த நினைவே இல்லை என்று அவர்கள் சொன்னபோதும் அவ்வாறே நிகழ்ந்தது.

ஆகவே திருப்பங்களில் ஒரு நொடி நின்று, வந்த பக்கத்தைத் திரும்பிப் பாருங்கள். திரும்பும்போது காணப்போகும் காட்சி அதுதான்.

கேள்வி: சிலர் முன்பின் தெரியாத இடத்திலும் குறுக்குவழியைக் கண்டுபிடித்துவிடுகிறார்களே, எப்படி?

பதில்: அவர்கள் திருப்பங்களை வரிசையாக மனப்பாடம் செய்வதோடு நிற்காமல், இடங்கள் ஒன்றுக்கொன்று எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில் உள்ளன என்பதையும் மனத்தில் வரைந்துகொள்கிறார்கள். எலிகளும் மனிதர்களும் இப்படி ஒரு மனவரைபடத்தை உருவாக்குவதாக உளவியலாளர் எட்வர்ட் டோல்மன் 1948-இல் எழுதியபோது, அது எங்கே இருக்கிறது என்று எவராலும் காட்ட இயலவில்லை. குறிப்பிட்ட இடத்தில் இருக்கும்போது மட்டும் தூண்டப்படும் செல்களை எலியின் ஹிப்போகாம்பஸில் ஜான் ஓ'கீஃப் 1971-இல் கண்டறிந்தார். பரப்பைக் கட்டம் கட்டமாக அளப்பதுபோல் இயங்கும் செல்களை, அதை ஒட்டிய பகுதியில் மோசர் இணையர் 2005-இல் விவரித்தனர். ஓ'கீஃப், மோசர் இணையர் ஆகிய மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் பழக்கத்திற்கும் பங்குண்டு. ஆயிரக்கணக்கான தெருக்களைக் கற்றுத் தேர்ந்த லண்டன் டாக்சி ஓட்டுநர்களின் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருப்பதை எலனோர் மக்வாயர் குழுவினர் 2000-இல் காட்டினர். நாள் முழுவதும் அதே நகரில் ஓட்டினாலும், வரையறுத்த தடத்தில் மட்டுமே செல்லும் பேருந்து ஓட்டுநர்களோடு 2006-இல் ஒப்பிட்டபோதும் அப்பகுதி டாக்சி ஓட்டுநர்களிடமே பெரிதாக இருந்தது. எவ்வளவு தூரம் சுற்றினோம் என்பதைவிட, வழியை நாமே தேர்ந்தோமா என்பதே பொருட்டு என்று நான் இதற்குப் பொருள் கொள்கிறேன்.

கேள்வி: செல்பேசி வழிகாட்டியைப் பயன்படுத்தவே கூடாதா?

பதில்: தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் ஒவ்வொரு திருப்பத்தையும் அந்தக் குரலே தீர்மானித்தால், நீங்கள் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருந்தும் வெறும் பயணிதான். புறப்படுமுன் முழு வழியையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, தடுமாறும் இடத்தில் மட்டும் அதன் உதவியை நாடுங்கள். நீங்கள் திரும்பும்போதெல்லாம் வரைபடமும் சுழல்வதை நிறுத்தி, வடக்கு எப்போதும் மேலே இருக்குமாறு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சற்றுக் குழப்பும் என்றாலும், ஊரின் முழு அமைப்பு மனத்தில் பதிய அதுவே ஏற்றது.