பழைய லேத் கம்ப்யூட்டரை ஆபீஸ் நெட்வொர்க்கில் நேராகச் செருகாதீர்கள்

கேள்வி: ஐயா, திருநெல்வேலி பேட்டை தொழிற்பேட்டையில் சிறிய லேத் பட்டறை நடத்துகிறேன். 2005-இல் வாங்கிய சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டளைப்படி ஓடும்) லேத் இயந்திரத்தோடு வந்த கம்ப்யூட்டரில் விண்டோஸ் எக்ஸ்பி ஓடுகிறது. இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. ஆபீஸுக்கு விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்கள் வாங்கிய பிறகு, புரோகிராம் ஃபைல்களை லேத்துக்கு அனுப்ப முடியவில்லை. நெட்வொர்க் போட வந்தவர், "எல்லாவற்றிலும் எஸ்எம்பி 1-ஐத் திறந்துவிட்டால் போதும்" என்கிறார். வண்ணார்பேட்டையில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியோ, "எக்ஸ்பியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், பேட்டை

பதில்: இருவர் சொல்வதையும் கேட்காதீர்கள்.

அண்ணாச்சி சொல்வதை முதலில் பார்ப்போம். உங்கள் லேத்தை ஓட்டுவது அந்தப் பெட்டிக்குள் செருகியிருக்கும் கட்டுப்பாட்டு கார்டும், அதற்காக எழுதப்பட்ட மென்பொருளும்தான். இன்றைய மதர்போர்டுகள் பலவற்றில் அந்தப் பழைய கார்டைச் செருக இடமே கிடையாது. இடம் இருந்தாலும் விண்டோஸ் 11-இல் அந்தக் கார்டை இயங்கவைக்கும் 'டிரைவர்' என்ற மென்பொருள் கிடைப்பது அரிது. புதிய பெட்டி வாங்கிய மறுநாள், நன்றாக ஓடிய இயந்திரம் சும்மா நிற்கும்.

நெட்வொர்க்காரர் சொல்வது இதைவிட ஆபத்தானது. எஸ்எம்பி 1 என்பது கம்ப்யூட்டர்கள் ஃபைல்களைப் பரிமாறிக்கொள்ளும் பழைய முறை. எக்ஸ்பிக்கு அது ஒன்றுதான் தெரியும். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாகிரை வைரஸ் புகுந்தது அந்த வாசல் வழியாகத்தான். எக்ஸ்பிக்கான ஆதரவை 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்ட மைக்ரோசாஃப்ட், அந்த ஓட்டையை அடைக்க மறுபடி ஒரு திருத்தம் வெளியிட்டது. அடுத்த ஆண்டே தைவானின் டிஎஸ்எம்சி சிப் தொழிற்சாலைகளில், வைரஸ் சோதனை செய்யாமல் இணைத்த ஒரு புதிய கருவியால் அதே வகை வைரஸ் புகுந்து உற்பத்தி நின்றது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை. ஜிஎஸ்டி கணக்கும் வங்கிக் கணக்கும் இருக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் நீங்கள் அந்த வாசலைத் திறக்கக் கூடாது.

வழி இருக்கிறது, செலவும் குறைவு. நடுவில் ஒரு கம்ப்யூட்டரை வையுங்கள். ஆபீஸில் ஒதுக்கிவைத்த பழைய பெட்டியே போதும். அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தையும், விண்டோஸ் கம்ப்யூட்டர்களோடு ஃபைல் பகிர உதவும் சாம்பா மென்பொருளையும் நிறுவி, நெட்வொர்க் கேபிளுக்கான லேன் கார்டு இன்னொன்றும் செருகச் சொல்லுங்கள். கார்டு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். ஒரு கேபிள் ஆபீஸ் பக்கம் போகட்டும். இன்னொன்று லேத் கம்ப்யூட்டருக்கு மட்டும். ஆபீஸிலிருந்து புதிய முறையில் ஃபைலை அங்கே வைப்பார்கள். எக்ஸ்பி தனக்குத் தெரிந்த முறையில் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். இரண்டு கேபிள்களுக்கும் இடையே நேர்ப்பாதை எதுவும் திறந்திருக்கக் கூடாது. எக்ஸ்பியின் நெட்வொர்க் அமைப்பில், வெளியே போகும் வழியைக் குறிக்கும் 'கேட்வே' என்ற கட்டத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள். லேத்துக்கு இன்டர்நெட் தேவையே இல்லை. நடுப்பெட்டியில் வைரஸ் சோதனையும் நடக்கட்டும். பென் டிரைவோடு அலைவதும் நின்றுபோகும். வைரஸ் வர அதுவும் ஒரு வழிதானே.

ஆனால் இதையெல்லாம் தொடங்குவதற்கு முன்பாகவே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அந்த ஹார்டு டிஸ்க்குக்கு இருபது வயதாகிறது. இன்றைக்கு ஓடுகிறது என்பதற்காக நாளைக்கும் ஓடும் என்று நம்பியிருக்க முடியாது. குளோன்ஸில்லா என்ற இலவச மென்பொருளால் டிஸ்க் முழுவதையும் அப்படியே நகலெடுத்து, அந்த நகலை வேறொரு டிஸ்க்கில் ஏற்றி, லேத் ஓடுகிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். ஓட்டிப் பார்க்காத நகலை நகல் என்றே நான் கணக்கில் சேர்ப்பதில்லை. மதர்போர்டில் இருக்கும் சிறிய வட்ட பேட்டரியையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கிறோம். எடைமேடையிலிருந்து ஆபீஸ் அறுபது மீட்டர். சீரியல் கேபிள் இழுத்திருக்கிறார்கள். எடை சில நேரம் தாறுமாறாக வருகிறது. போன ஐப்பசியில் இடி விழுந்தபோது கம்ப்யூட்டரின் போர்ட்டும் போய்விட்டது.

பதில்: ஆர்எஸ்-232 என்ற அந்த வகைக் கேபிளைப் பதினைந்து மீட்டருக்கு மேல் நம்பக் கூடாது. அறுபது மீட்டருக்கு அதை இழுத்தவர் விதியைப் படிக்கவில்லை. எடை காட்டும் கருவியின் பக்கத்திலேயே சீரியலை லேனாக மாற்றும் சிறு பெட்டி ஒன்றை வையுங்கள். அங்கிருந்து ஆபீஸுக்குச் செம்புக் கம்பி வேண்டாம்; ஃபைபர் கேபிள் போட்டு, இரு முனையிலும் ஃபைபரை லேன் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் வையுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. நம் பக்கத்து ஐப்பசி இடிக்கு இதைவிட நல்ல காப்பு அந்தக் கேபிளுக்குக் கிடையாது. மின் இணைப்பு வழியாக வரும் அதிர்ச்சிக்குத் தனியாக சர்ஜ் காப்பு போட வேண்டும். கருவியில் இருக்கும் பாட் ரேட் (தகவல் அனுப்பும் வேகம்), பெட்டியில் போடும் பாட் ரேட் இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டாலும் எழுத்துகள் குழம்பி வரும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள். கருவியில் எடையளவுத் துறை வைத்த முத்திரையை எக்காரணத்துக்காகவும் உடைக்க விடாதீர்கள்.

கேள்வி: பாளையங்கோட்டையில் நான் ஒருவனே உட்கார்ந்து வேலை பார்க்கும் சிறு பட்டறைக்கு, சீரியல் கேபிளை யுஎஸ்பி போர்ட்டில் செருக உதவும் யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர் வாங்கினேன். டிரைவர் ஏற மறுக்கிறது. கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. தொழிலுக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் ஆணையம் போக முடியுமா?

பதில்: உங்கள் நிலையில் போகலாம். வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கினாலும், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியவரை ஏற்கிறது. இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். பல கடைகள் அந்த நிலையிலேயே இறங்கி வந்துவிடும். டிரைவர் ஏறாததற்குப் பெரும்பாலும் காரணம் உள்ளே இருக்கும் போலி சிப். சிப் தயாரித்த நிறுவனங்களின் புதிய டிரைவர்கள் போலிகளை ஏற்பதில்லை. அடுத்த முறை சிப்பின் பெயரையும் மாடல் எண்ணையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள்.