கேளுங்க சொல்றேன்: பீட்டா சர்வர யாரு டெஸ்ட் பண்றது?

கேள்வி: அண்ணே, கோலாலம்பூர் செந்தூல்ல ஒரு சின்ன எக்கவுண்டிங் கம்பெனில ஐடி வேலை பாக்குறேன். ஆபீஸ் சர்வர் இன்னும் உபுண்டுங்கிற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட 22.04 வெர்ஷன்லதான் ஓடுது. 26.04 பீட்டாவ (ஃபைனலுக்கு முந்தின சோதனை வெர்ஷன்) டெஸ்ட் பண்ணி கருத்து சொல்லுங்கன்னு உபுண்டுக்காரங்க கேக்குறாங்க, எனக்கும் ஆசைதான், ஆனா புரோகிராமிங் தெரியாது. பாஸ் வேற "அவனுங்க வேலைய நீ எதுக்குச் சும்மா செய்யணும்"ங்கிறாரு. நான் போய் என்னத்த டெஸ்ட் பண்றது?
– வாசகர், செந்தூல்

பதில்: தம்பி, 22.04க்கு இலவச சப்போர்ட் 5 வருஷந்தான், 2027ல முடியுது. எப்படியும் மாறித்தான் ஆகணும், அதுவும் நேரா 26.04க்குத் தாவ முடியாது, நடுவுல 24.04க்கு ஏறிட்டுத்தான் போகணும். அப்ப இது யாரு வேலைன்னு பாஸையே கேளுங்க.

ஆனா ஆபீஸ் சர்வர்ல மட்டும் கை வெச்சிடாதீங்க! லோ யாட் கம்ப்யூட்டர் கடைங்க பக்கம் போய் ஒரு பழைய பிசி தேத்துங்க, இல்ல விர்ச்சுவல்பாக்ஸ் (உங்க கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓடுற சாஃப்ட்வேர்) போதும். அதுல பீட்டாவ ஏத்தி உங்க பேக்கப்ப ரிஸ்டோர் பண்ணிப் பாருங்க (பேக்கப் உருப்படியா இருக்கா இல்லையான்னு பல ஆபீஸுக்கு அன்னிக்குத்தான் தெரிய வரும்).

புரோகிராமிங் தெரியலன்னா ஒன்னும் குறைஞ்சிடல. நெக்ஸ்ட், நெக்ஸ்ட்னு தட்டி இன்ஸ்டால் பண்ற வழிய ஊரே டெஸ்ட் பண்ணிடும். உங்க ஆபீஸ்ல மட்டும் ஏடாகூடமா ஒரு செட்டப் இருக்கும் பாருங்க, முன்னால இருந்தவர் எழுதி வெச்சிட்டுப் போன ஸ்கிரிப்ட், ஏன் இருக்குன்னே தெரியாத கிரான் ஜாப் (நேரம் குறிச்சு தானா ஓடுற வேலை), பழைய சம்பா ஷேர் (விண்டோஸ் மெஷினோட ஃபைல் பகிர்ற ஃபோல்டர்), அத உங்களத் தவிர எவனும் டெஸ்ட் பண்ண மாட்டான். அங்கதான் நீங்க வேணும்.

ஒன்னு சொல்றேன். நமக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே டைம்ங்கிறதால பழைய ஸ்கிரிப்ட் சிலதுல டைம்ஸோன் பேர 'சிங்கப்பூர்'னு மொட்டையா போட்டிருப்பாங்க. 24.04ல இந்த மாதிரி பழைய பேரயெல்லாம் டிசெட்டேட்டா-லெகசின்னு (tzdata-legacy) தனி பேக்கேஜுக்குத் தள்ளிட்டாங்க, புதுசா இன்ஸ்டால் பண்ணா அது தானா வராது. எரரும் வராது, சத்தமில்லாம யூடிசி டைமுக்கு (நமக்கு 8 மணி நேரம் பின்னால இருக்குற உலகப் பொது நேரம்) போயிடும். காலைல 7 மணிக்கு அடிச்ச இன்வாய்ஸ்ல முதல் நாள் ராத்திரி 11 மணின்னு விழும், அதுவும் 1ஆம் தேதியா இருந்தா கணக்கு போன மாசத்துல போய் உக்காந்துக்கும். 'ஆசியா/கோலாலம்பூர்'னு முழுசா எழுதியிருந்தா தப்பிச்சீங்க. எக்கவுண்டிங் கம்பெனிக்கு இத விட பெரிய டெஸ்ட் என்ன இருக்கு?

இன்னொன்னு, 25.10ல கோர்யூட்டில்ஸ (ஃபைல் காப்பி, தேதின்னு தினமும் ஓடுற அடிப்படைக் கமாண்டுங்க) ரஸ்ட்ங்கிற புரோகிராமிங் மொழில எழுதின புது வெர்ஷனுக்கு மாத்துனாங்க. அதுல டேட் கமாண்டோட மைனஸ் ஆர் ஆப்ஷன் (ஃபைல் கடைசியா மாறின நேரத்தக் காட்டுறது) சரியா வேலை செய்யல, அந்த ஒன்னால தானா அப்டேட் தேடுற வேலையே சில மெஷின்ல நின்னு போச்சு, அப்புறம் சரி பண்ணாங்க. அதனால உங்க ஸ்கிரிப்ட் ஒவ்வொன்னையும் ஓட விட்டு, பழைய சர்வர்ல வந்த அவுட்புட்டோட ஒப்பிட்டுப் பாருங்க. 'எரர் வரல'ங்கிறத வெச்சு ஓகே சொல்லிடாதீங்க.

கேள்வி: சார், பீட்டா சர்வர்ல நெட்வொர்க் வரலன்னு லாஞ்ச்பேட்ல (உபுண்டு குறைகளப் பதியுற வெப்சைட்) பக் ரிப்போர்ட் போட்டேன். "நெட்வொர்க் நாட் வொர்க்கிங், பிளீஸ் ஃபிக்ஸ்"னுதான் எழுதினேன். இன்கம்ப்ளீட்னு போட்டாங்க, கொஞ்ச நாள்ல அதுவா குளோஸ் ஆயிடுச்சு. மதிக்கவே மாட்டேங்கிறாங்களே?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: மதிக்காம இல்லம்மா, அத வெச்சு அவங்களால ஒன்னும் பண்ண முடியல. இன்கம்ப்ளீட்னா "இன்னும் விவரம் குடு"ன்னு அர்த்தம், 60 நாள் யாரும் பதில் போடலன்னா சிஸ்டமே மூடிடும்.

இப்படி எழுதிப் பாருங்க: எந்தத் தேதி ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் பண்ண டவுன்லோட் பண்ற ஃபைல்; டெய்லி பில்ட் தினமும் மாறும், தேதி இல்லாம பேசிப் பிரயோஜனம் இல்ல), என்ன நெட்வொர்க் கார்டு, ஐபி முகவரி ஃபிக்ஸ்டா, இல்ல தானா வாங்கிக்கிற டிஹெச்சிபியா, நெட்பிளான் ஃபைல்ல (உபுண்டுவோட நெட்வொர்க் செட்டிங் ஃபைல்) என்ன இருக்கு, இன்ஸ்டால் முடிஞ்சு முதல் பூட்லயே வரலையா இல்ல ரீஸ்டார்ட் பண்ணப்புறமா, 24.04ல இதே மெஷின்ல வந்துச்சா. கடைசியா சொன்னது ரொம்ப முக்கியம், முன்ன ஓடி இப்ப ஓடலன்னா அது ரிக்ரெஷன், அதுக்குத் தனி கவனிப்பு உண்டு. இங்கிலீஷ் இலக்கணமெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்க, துண்டு துண்டா எழுதினாலும் வரிசை சரியா இருந்தா போதும்.

உபுண்டு-பக்னு கமாண்ட் இருக்கு, அதுல போட்டா வெர்ஷன், லாக் எல்லாம் தானா ஒட்டிக்கும். இன்ஸ்டாலர் பிரச்சினைன்னா வார்/லாக்/இன்ஸ்டாலர் (/var/log/installer) ஃபோல்டரப் பாருங்க. ஆனா அனுப்புறதுக்கு முன்ன ஒரு தடவ படிச்சிடுங்க, ரிப்போர்ட்ட யாரு வேணா பாக்கலாம். பாஸ்வர்ட், கஸ்டமர் பேரெல்லாம் அதுல போயிடுச்சுன்னா அப்புறம் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்னு வந்து நிப்பாங்க.

கேள்வி: பீட்டா சர்வர்ல எஸ்எஸ்எச் லாகின் (வேற கம்ப்யூட்டர்லேர்ந்து சர்வருக்குள்ள போறது) கொஞ்சம் ஸ்லோவா இருக்கு, வேற குறை இல்ல. இதெல்லாம் ஒரு பக்கா, சொன்னா சிரிப்பாங்களா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: 2024 மார்ச்ல ஆண்ட்ரஸ் பிராய்ண்ட்னு ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டெவலப்பர், டெபியன் அன்ஸ்டேபிள்ல (உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனோட சோதனை வெர்ஷன்) எஸ்எஸ்எச் லாகின் அரை செகண்ட் லேட்டாகுதேன்னு நோண்ட ஆரம்பிச்சாரு. தோண்டினா, ஃபைல சுருக்குற எக்ஸ்இசெட் (XZ) சாஃப்ட்வேரோட 5.6.0, 5.6.1 வெர்ஷன்ல எவனோ திட்டம் போட்டு பேக்டோர் (திருட்டு வழி) வெச்சிருந்தது வெளிய வந்துச்சு. அதனால உபுண்டு 24.04 பீட்டாவே ஏப்ரல் 4லேர்ந்து 11க்குத் தள்ளிப் போச்சு. யாரும் சிரிக்கல. பழைய வெர்ஷன்லயும் புதுசுலயும் டைம் எடுத்து, ரெண்டு நம்பரையும் சேத்துப் போடுங்க. உங்க டிஎன்எஸ் (கம்ப்யூட்டர் பேர ஐபி முகவரியா மாத்துறது) பிரச்சினையாக்கூட இருக்கலாம், அத முதல்ல பாத்துக்குங்க.

கேள்வி: பீட்டா போட்டவங்க ஃபைனல் வந்ததும் மறுபடி இன்ஸ்டால் பண்ணணுமா?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: வேணாம். ஆப்ட் அப்டேட், ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்னு ரெண்டு கமாண்டையும் ஓட விட்டுக்கிட்டே இருந்தா ஃபைனலுக்கு அதுவே வந்திடும்.