சிறிமா காலத்து மிளகாய்

கேள்வி: என் அம்மப்பா சிறிமா காலத்தில் மிளகாய் போட்டுத்தான் கல்வீடு கட்டினார். "வெளிச் சாமான் எல்லாத்தையும் நிப்பாட்டினால் நாடு தானா நிமிரும்" என்று இப்போதும் சொல்கிறார். அவர் சொல்வது சரியா? எனக்குச் சின்ன வேலை ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு அவருடைய தோட்டக்காணியில் மிளகாய் போடலாமா?
– வாசகர், ஏழாலை

பதில்: தம்பி, அம்மப்பா பொய் சொல்லவில்லை. 1970இல் வந்த பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் செத்தல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியை இறுக்கியது. உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் பக்கத்துச் செம்மண்ணில் மிளகாய் அப்போது பவுன் விலை போனது. எத்தனையோ கல்வீடுகள் அப்படி எழும்பியவைதான்.

நான் அப்போது வெள்ளவத்தையில் பத்து வயதுப் பிள்ளை. விடியற்காலை நாலு மணிக்கு அம்மாவோடு பாண் கியூவில் நிற்பேன். கால் கடுத்தால் கியூவில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் பக்கத்து மதிலில் போய் இருப்பேன். செங்கல்லை யாரும் தள்ளி வைக்க மாட்டார்கள், அவ்வளவு நாணயம் அந்தக் கியூவுக்கு. அனுமதி இல்லாமல் ஒரு சில கொத்துக்கு மேல் அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோக முடியாது. சாப்பாட்டுக் கடைகளில் வாரத்துக்கு இரண்டு நாள் சோறு இல்லை. உரும்பிராய் மாமா யாழ்தேவி ரயிலில் வந்து இறங்கினால் கையில் மிளகாய்ப் பை இருக்கும், முகத்தில் செழிப்புத் தெரியும். எங்கள் வீட்டில் அவருக்கு அவித்த மரவள்ளிக் கிழங்குதான். மிளகாய்க்கு அவர் வாங்கிய நல்ல விலையைக் கொடுத்தவர்கள் எங்களைப் போன்ற கியூக்காரர்கள். அம்மப்பாவின் கணக்கில் இந்தப் பக்கம் விடுபட்டுப் போகிறது. 1973இல் எண்ணெய் விலை ஏறியது, உலகச் சந்தையில் அரிசியும் கோதுமையும் ஏறின. எல்லாப் பழியையும் சிறிமா தலையில் போடுவதும் நியாயமில்லைதான். ஆனாலும் 1977 யூலையில் சனம் அவருடைய கட்சிக்கு விட்டுவைத்தது எட்டு ஆசனம்.

(நான் பத்திரிகைக்காரன், ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தியச் சஞ்சிகைகளுக்குக் கட்டுப்பாடு வந்தபோதுதான் நம்மவர் நாவல்களை வீரகேசரி வரிசையாக வெளியிட்டது. நான் வாசிக்கப் பழகியதே அவற்றில். எல்லாத் தடையும் வீண் என்று நான் சொன்னால் அது நன்றிகெட்ட பேச்சு.)

சரி, அந்த மிளகாய் எதைக் குடித்து வளர்ந்தது? கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்த மிசின் வெளியிலிருந்து வந்தது. அதற்கு ஊற்றிய மண்ணெண்ணெய், பயிருக்குப் போட்ட யூரியா, அடித்த மருந்து எல்லாம் கப்பலில் வந்தவை. அன்றைய அரசாங்கம் மிளகாய்க்குக் கதவைச் சாத்தியது, யூரியாவுக்குத் திறந்தே வைத்தது. அம்மப்பாவின் வீடு அந்தத் திறந்த கதவாலும் வந்த வீடு.

2021இல் இதைத் தலைகீழாகச் செய்து பார்த்தார்கள். ஏப்ரலில் ஜனாதிபதி கோட்டாபய இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்துவதாக அறிவித்தார். சொன்ன காரணம் மக்களின் ஆரோக்கியம். டொலர் வற்றிக்கொண்டிருந்ததும் ஊரறிந்த காரணம். சொந்தக் காலில் நிற்கப் புறப்பட்ட நாடு சேதனப் பசளைக்குச் சீனாவிடம் ஓடர் கொடுத்தது! வந்த கப்பலில் கிருமி இருக்கிறது என்று இறக்கவிடவில்லை. பிறகு அந்தக் கம்பனிக்குக் கிட்டத்தட்ட 70 லட்சம் டொலர் கட்டினோம். நவம்பரில் தடையை எடுத்தபோது பெரும்போக விதைப்பு தொடங்கிவிட்டது. வயலும் தேயிலையும் அடிவாங்கின, வெளியிலிருந்து அரிசி வாங்கினோம். 2022 ஏப்ரலில் கடன் கட்ட முடியாது என்று அரசாங்கமே அறிவித்தது.

நாடு தன் வீட்டைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 1940களில் இலவசக் கல்வி கொடுத்தோமே, அதுதான் உள்ளே பார்ப்பது. அதற்குத் துறைமுகத்தை மூடவில்லை. மறுபக்கம், கதவு நன்றாகச் சாத்தியிருந்த எழுபதுகளில்தான் தெற்கில் 1971 இளைஞர் கிளர்ச்சி வந்தது, தமிழ் மாணவர் கூடுதல் புள்ளி எடுத்தால்தான் இடம் என்ற பல்கலைக்கழகத் தரப்படுத்தலும் வந்தது. வெளிச் சாமானை நிறுத்தியதால் உள்வீட்டுச் சண்டை நிற்கவில்லை.

இனி உங்கள் காணி. அரசாங்க அறிவித்தல் வரும் வர்த்தமானியை நம்பி மிளகாய் போடாதீர்கள். உருளைக்கிழங்குக்கும் பெரிய வெங்காயத்துக்கும் இறக்குமதித் தீர்வை எப்படி ஏறி இறங்குகிறது என்று பாருங்கள். அறுவடை வரும்போது ஏற்றுவார்கள், கொழும்பில் விலை கத்தினால் இறக்குவார்கள். அந்த விளையாட்டில் உங்கள் கையில் துருப்பு இல்லை. வேலையை விடாமல், முதல் போகத்துக்கு இரண்டு பரப்பில் மட்டும் வையுங்கள். இறைப்புச் செலவு, பசளை, கூலி எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். வெளிநாட்டு மிளகாய் வந்திறங்கிய விலையிலும் உங்களுக்குக் கட்டுபடியாகுமென்றால் அடுத்த வருடம் கூட்டுங்கள்.

அம்மப்பாவிடம் ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: 77இல் ஆட்சி மாறிக் கதவு திறந்த பிறகு இறக்குமதி மிளகாய் வந்து குவிந்தபோது அந்தக் காணியில் என்ன போட்டார்? என் ஊகம் புகையிலை. பிழையென்றால் எழுதுங்கள்.