ரஜினியின் 'பாட்ஷா' படம் வந்து 30 வருடம் தாண்டியும் அதற்கு ஏன் இன்னும் இந்த மவுசு?

கேட்டவர் வசூல் கணக்கை எதிர்பார்த்திருப்பார். நான் இலங்கையின் வன்னியில் உள்ள கிளிநொச்சிக்காரன். எங்கள் ஊரில் இந்தப் படத்துக்கு ஒரு ரிக்கற்கூட விற்கவில்லை, விற்கத் தியேட்டரும் இருக்கவில்லை. ஆனால் அதை வைத்து உழைத்தவர்கள் இங்கே கனபேர். அதனால் அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன்.

படம் 1995 பொங்கலுக்கு வந்தது. சுரேஷ் கிருஷ்ணா இயக்கம், தேவா இசை, பாலகுமாரன் வசனம். அந்த வருடக் கடைசியில் போரால் யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்தது. 1996இல் பெருந்தொகையானோர் வன்னிக்குள் வந்து சேர்ந்தார்கள். கரண்ட் இல்லை, பொருளாதாரத் தடையில் பெற்றோலைக் கண்ணால் காண்பதே அரிது. அந்த நிலத்துக்குப் 'பாட்ஷா' வீடியோக் கசற்றாக வந்தது. கொப்பிக்கு மேல் கொப்பி அடித்த கசற் என்பதால் வில்லன் ரகுவரனின் முகம் பச்சையாகத்தான் தெரியும்.

ரீவி, கசற் போடுகிற டெக், ஜெனரேற்றர் மூன்றையும் சேர்த்து வாடகைக்கு விடுகிறவர் லான்ட்மாஸ்ரர் என்கிற சின்ன உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வருவார். சாமத்தியவீடோ கலியாணவீடோ, சடங்கு முடிந்தால் இரவில் படம். ஜெனரேற்றரை ஸ்ராட் பண்ணத்தான் பெற்றோல், பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். எண்ணெய் முடிந்தால் படமும் முடிந்தது. ஓட்டோக்காரன் மாணிக்கமாக வரும் ரஜினி திருப்பி அடிக்கிற இடம் மட்டும் தாங்குமா என்று பெரியாட்களே போத்தலைத் தூக்கிப் பார்ப்பார்கள். 'எண்ணெய் காணாது தம்பி, பாட்டுகளை ஓட விடு' என்று சொன்னால் முன்வரிசைச் சின்னனுகள் அழும். கசற் அடித்தவர், டெக்காரர், எண்ணெய் விற்றவர் என்று எல்லோருக்கும் நாலு காசு கிடைத்தது. படத்தைத் தயாரித்த சத்யா மூவிஸுக்கு இதில் ஒரு சதமும் போயிருக்காது.

சரி, ஏன் இந்தப் படம்? கதை புதுசில்லை. 1991இல் வந்த அமிதாப்பின் 'ஹம்' சாயல் அப்படியே இருக்கிறது. வித்தியாசம் பொறுமையில். ரஜினியைக் கம்பத்தில் கட்டி வைத்து ஊர் பார்க்க அடிக்கிறார்கள், அவர் வாங்கிக்கொண்டு நிற்கிறார். அடிக்கத் தெரியாதவன் இல்லை என்று பார்க்கிற எல்லோருக்கும் தெரியும், அடிக்கிறவனுக்கு மட்டும் தெரியாது. அதைவிடவும் எனக்குப் பிடித்தது தங்கச்சிக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்கப் போகிற காட்சி. எனக்கு இன்னொரு பெயரும் இருக்கு என்கிறார், அதற்கு மேல் ஒன்றும் நமக்குக் கேட்காது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாய் அசைகிறது, எதிரில் இருப்பவரின் முகம் மாறுகிறது, அவ்வளவுதான். வசனத்துக்குப் பேர்போன படத்தில் ஆகச் சிறந்த இடம் வசனம் கேட்காத இடம்!

அந்தக் காட்சியை 2009இல் போர் முடிந்த பிறகு வன்னியில் இருந்து பார்ப்பது வேறு விதம். இங்கே புலிகள் இயக்கத்தில் இன்னொரு பெயரோடு வாழ்ந்த ஆட்கள் ஊருக்கு ஊர் உண்டு. போருக்குப் பிறகு அரசாங்கம் வைத்திருந்த புனர்வாழ்வு முகாம்களில் இருந்து வந்தவர்களில் சிலர் லீசிங்கில் ஓட்டோ எடுத்து ஓடினார்கள். ஸ்ராண்டில் யாராவது வாய்க்கு வந்தபடி ஏசினாலும் சிரித்துவிட்டுப் போகிற அண்ணைமாரை எனக்குத் தெரியும். அவர்களிடம் யாரும் பழையது கேட்பதில்லை. ரஜினிக்கு ஒரு கட்டத்தில் ஒரு பிளாஷ்பேக் கிடைக்கிறது, இவர்களுக்கு அதுவும் இல்லை.

கரடிப்போக்குச் சந்தியிலோ டிப்போச் சந்தியிலோ நின்று பார்த்தால் ஓட்டோக்களின் பின்கண்ணாடியில் காக்கிச் சட்டை மாணிக்கம் தட்டுப்படுவார். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதோடு பழைய பஜாஜுக்கே புது மவுசு வந்தது. புதுசு வாங்க வழியில்லாதவர்கள் இருப்பதற்கே குசன் தைத்து, பெயின்ற் அடித்து, ஸ்ரிக்கர் ஒட்டினார்கள். ஒட்டுகிற பொடியன்களில் பாதிப்பேர் முழுப்படமும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் ஆயுதபூசைக்கு ஸ்பீக்கரில் முதலில் போவது எஸ்.பி.பி. பாடிய அந்த ஆட்டோக்காரன் பாட்டுத்தான்.

தமிழ்நாட்டில் நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. வெற்றி விழா மேடையில் ரஜினி வெடிகுண்டுக் கலாசாரம் பற்றிப் பேசப்போக, ஜெயலலிதா அமைச்சரவையில் இருந்த தயாரிப்பாளர் ஆர்.எம்.வீரப்பனின் பதவி போனது. 1996 தேர்தலில் ரஜினி ஜெயலலிதாவுக்கு எதிராகவே குரல் கொடுத்தார். கன்னடத்தில் 2001இல் விஷ்ணுவர்தனை வைத்து 'கோட்டிகொப்பா' என்று எடுத்தார்கள். 2017இல் டிஜிட்டலில் மெருகேற்றித் திரும்பத் தியேட்டருக்கு விட்டார்கள். சாதுவாய் இருக்கும் கதாநாயகனுக்குப் பயங்கரமான பழைய கதை ஒன்று வைக்கிற வியாதி தமிழ் சினிமாவை இன்னும் விடவில்லை. அதில் முக்கால்வாசி பார்க்கச் சகிக்காது, அடிவாங்கி நிற்கிற பொறுமை அந்தப் படங்களில் இல்லை.

இதுவரை பார்க்காதவர் என்றால் கல்லூரிக் காட்சியில் தொடங்கி, தம்பியை 'உள்ளே போ' என்று அதட்டுகிற இடம் வரை பாருங்கள். பிளாஷ்பேக்கில் வருகிற பம்பாய்க் கதை எனக்குக் கொஞ்சம் நீளம்தான். ரகுவரன் வருகிற இடங்களை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.